குளிசையை ஏன் ஒளிக்கிறோம்?

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய நலவாழ்வுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உளநோய் பற்றிய களங்கத்தைக் குறைப்பது குறித்துப் பேசும்படி சங்கச் செயலாளர் என்னைக் கேட்டிருந்தார். இதைப் பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டுவோம். "ஓம், எங்கட சனத்துக்கு விளக்கம் காணாது" என்று சொல்லிக்கொண்டு, அந்தச் சனம் வேறு யாரோ என்ற எண்ணத்துடன் வீட்டுக்குப் போய்விடுவோம். ஆகவே அந்தக் களங்கம் எங்கள் வீடுகளுக்குள் வந்து உட்காரும் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது கலியாணப் பேச்சு.

உளநலக் கிளினிக்குக்கு ஓர் இளம் பிள்ளையை முதன்முதலாகக் கூட்டிவரும் தாய்மார் கேட்கும் கேள்விகளில் ஓர் ஒழுங்கைக் கவனித்திருக்கிறேன். முதலாவது, "இது சுகமாகுமோ டொக்டர்?" இரண்டாவது, பிள்ளையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்பது. "இது வெளியிலை தெரியவருமோ? நாளைக்கு இவளுக்கு ஒரு கலியாணம் பேசவேணுமே." இந்தக் கேள்வியைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அது பயத்தில் பிறக்கும் கேள்வி. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தினால் ஒரு வீட்டில் என்னென்ன நடக்கிறது என்பதை வைத்தியராக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019 ஆம் ஆண்டில் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் ஏதோ ஓர் உளநோயுடன் வாழ்ந்தார். இவற்றுள் பெரும்பங்கு பதகளிப்பும் மனச்சோர்வும்தான். இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது போன்ற அறிகுறிகளுடன் வரும் சிசோபிரினியா, வாழ்நாளில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு வரலாம். மனம் சில காலம் அளவுக்கு மீறித் துள்ளுவதும் சில காலம் சோர்ந்து விழுவதுமாக மாறிமாறி வருவதைப் பைபோலார் என்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. சிலருக்கு முற்றாகச் சுகம் வரும். சிலருக்கு நீரிழிவைப்போல நீண்டகாலம் மருந்து எடுத்துக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவேண்டி வரும்.

இந்த நோய்கள் எப்போது தொடங்குகின்றன என்பது முக்கியம். உளநோய்களில் ஏறக்குறைய அரைவாசி 18 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடுகின்றன. சிசோபிரினியாவும் பைபோலாரும் பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் வருகின்றன. அதாவது ஏலெவல் எழுதும் வயது, கம்பஸ் போகும் வயது, வீட்டில் குறிப்பைக் கையில் எடுக்கும் வயது. நோய் வரும் காலமும் சம்பந்தம் பேசும் காலமும் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு ஒன்றாகவே வந்துவிடுகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். இவள் ஒருத்தி அல்ல. பல வீடுகளில் கண்டவற்றைச் சேர்த்து ஒருத்தியின் கதையாகச் சொல்கிறேன். யாரென்று தயவுசெய்து தேடவேண்டாம்.

இவளுக்கு இருபது வயது. இரவிரவாக நித்திரையில்லை. ஓயாமல் கதைக்கிறாள், பாடுகிறாள், தனக்கு ஒரு விசேட சக்தி வந்திருக்கிறது என்கிறாள். வீட்டார் முதலில் குறிப்புப் பார்க்கிறார்கள். ஏழரைச் சனி என்கிறார் ஒருவர். யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள் என்கிறார் இன்னொருவர். நூல் கட்டுகிறார்கள், அருச்சனை செய்கிறார்கள். கோயிலுக்குப் போவதை நான் ஒருபோதும் தடுப்பதில்லை. தாய்க்கு அது ஆறுதல் தரும். ஆனால் கோயிலோடு நின்றுவிட்டதில் மூன்று மாதம் போய்விடுகிறது. அதற்குப் பிறகும் பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதில்லை. அங்கே தெரிந்த முகங்கள் இருக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை வவுனியாவுக்குப் போகிறாள். வவுனியாப் பிள்ளை கொழும்புக்குப் போகிறாள்.

மருந்து தொடங்கி ஒரு மாதத்துக்குள் பிள்ளை தேறிவிடுகிறாள். படிப்புக்குத் திரும்புகிறாள். அதன்பின் வீட்டில் ஓர் இரகசிய நிர்வாகம் தொடங்குகிறது. தாய் குளிசைகளை அட்டையிலிருந்து பிரித்து விற்றமின் போத்தலுக்குள் போட்டு வைக்கிறார். கிளினிக் கொப்பியைத் தகப்பன் அலுமாரிக்குள் பூட்டுகிறார். பிறகு ஒருநாள் அதை எரித்தும் விடுகிறார். பாட்டிக்குத் தெரியாது. சித்தி சந்தேகப்படுகிறார். தம்பிக்கு வாய் திறக்கக்கூடாது என்று கட்டளை. பிள்ளைக்கோ, தனக்கு வந்தது வெட்கப்படவேண்டிய ஒன்று என்பது வேறு யாரும் சொல்லித்தராமல், சொந்த வீட்டிலேயே விளங்கிவிடுகிறது.

இருபத்தைந்து வயதில் வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவர் பொருந்துகிறார். மாப்பிள்ளை பகுதிக்கு ஒன்றும் சொல்லவில்லை. கலியாணத்துக்கு இரண்டு கிழமை முன்பு குளிசையும் நிற்கிறது. "புது வீட்டிலை போட்டால் என்னத்துக்கு என்று கேட்பினம்." கலியாணம் நன்றாக நடக்கிறது. சில மாதம் ஒன்றுமில்லை. "பார்த்தியளோ, தானாய் மாறீட்டுது" என்று வீட்டார் நிம்மதியடைகிறார்கள். பிள்ளை பிறக்கிறது. நாலாம் நாள் தாய்க்கு நித்திரையில்லை. பிள்ளையைப் பார்த்து, இது தன்னுடைய பிள்ளையில்லை, மாற்றிவிட்டார்கள் என்கிறாள். புகுந்த வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நிற்கும் அவளுடைய அம்மாவுக்கு மட்டும் எல்லாம் விளங்குகிறது. ஆனால் அவர் வாய் திறக்கமுடியாது. "31 துடக்குக் கழியட்டும், எல்லாம் சரிவரும்" என்று சொல்லிச் சமாளிக்கிறார். ஒவ்வொரு நாளும் தாயும் சேயும் ஆபத்தில் இருக்கும் நாள்.

கடைசியில் வைத்தியசாலைக்கு வருகிறார்கள். சில கிழமைகளில் அவள் நன்றாகத் தேறுகிறாள், பிள்ளையைக் கையில் எடுக்கிறாள். ஆனால் கலியாணம் தேறவில்லை. கணவன் வீட்டார் சொன்ன ஒரே வசனம், "எங்களை ஏமாத்திப்போட்டினம்" என்பதுதான். அவர்கள் "விசர்" என்று சொல்லவில்லை. நோயைத் தாங்கியிருக்கக்கூடிய ஒரு குடும்பம், ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணத்தைத் தாங்கவில்லை.

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. அம்மா, அப்பா எல்லோரும் மகளில் வைத்த பாசத்தினால்தான் செய்தார்கள். ஆனால் மருத்துவம் அறிந்த எவரும் இந்தக் கதையில் மூன்று இடங்களில் பெருமூச்சு விடுவார்கள்.

ஒன்று, தொலைந்த அந்த மூன்று மாதம். இத்தகைய கடும் நோய்க்கு மருந்து தொடங்குவது எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவுக்குத் தேறுவதும் கடினமாகிறது. பிள்ளையின் படிப்பும் நட்பும் அந்த இடைவெளியில்தான் உதிர்ந்துபோகின்றன.

இரண்டு, கலியாணத்துக்காக நிறுத்திய குளிசை. சுகமாக இருப்பதால் மருந்து வேண்டாம் என்று நினைக்கிறோம். மருந்தினால்தான் சுகமாக இருக்கிறாள் என்பது மறந்துபோகிறது. முதற்தடவை வந்த கடும் உளநோய்க்குக்கூட, தேறிய பின் ஓரிரு வருடமாவது மருந்தைத் தொடரச் சொல்வது வழக்கம். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதைச் சிகிச்சையளிக்கும் வைத்தியரோடு பேசித் தீர்மானிக்கவேண்டும். பைபோலாருக்குக் கொடுக்கும் லிதியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் விரைவாகத் திரும்பி வரும் ஆபத்து அதிகம்.

மூன்று, பிள்ளைப்பேறு. பிரசவத்தின் பின் மனச்சோர்வு வருவது சாதாரணம். பத்துத் தாய்மாரில் ஒருவருக்காவது வருகிறது. நான் சொன்ன கதையில் வந்ததுபோன்ற கடும் உளநோய் 1000 பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் மட்டுமே வரும். ஆனால் ஏற்கனவே பைபோலார் உள்ள பெண்களுக்கு ஐந்து பிரசவங்களில் ஒன்றில் வரக்கூடும். பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்கும். இது மருத்துவ அவசரநிலை. துடக்குக் கழியும்வரை காத்திருக்கக்கூடிய விடயம் அல்ல. முன்கூட்டியே தெரிந்தால் வைத்தியர்கள் ஆயத்தமாக இருக்கலாம், பெருமளவு தடுக்கவும் முடியும்.

இதில் இன்னொன்றையும் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் அறிந்திருக்கவேண்டும். சோடியம் வல்புரோவேற் என்ற மருந்து கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யக்கூடியது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு அதைத் தவிர்க்கவே வைத்தியர் பார்ப்பார். பாதுகாப்பான வேறு மருந்துகள் உண்டு. ஆனால் மருந்தை மாற்றக் காலம் வேண்டும். கலியாணம் பேசுகிறோம் என்பதைக் கிளினிக்கிலும் மறைத்தால் அந்தக் காலம் கிடைக்காது. மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லப் பயப்படுவது விளங்குகிறது. வைத்தியரிடம் மறைப்பதில் ஒரு பயனும் இல்லை. நோயாளியின் விபரத்தை அவருடைய சம்மதமின்றிக் கலியாணம் விசாரிக்க வருபவருக்குச் சொல்ல எந்த வைத்தியருக்கும் உரிமை இல்லை.

மகன் என்றால் இந்தக் கதை வேறுவிதமாகப் போகிறது. மகளுக்கு நோய் வந்தால் கலியாணத்துக்காக மறைக்கிறோம். மகனுக்கு வந்தால் கலியாணத்தையே மருந்தாக்குகிறோம். "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான்." அந்தக் கால்கட்டு என்பது இன்னொரு வீட்டில் படித்து வளர்ந்த ஒரு பிள்ளை. இந்த மண்டபத்தில் இருக்கும் ஒருவருடைய மகளாகவும் இருக்கலாம். அவளுக்கு ஒன்றும் சொல்லப்படுவதில்லை. இரவில் அவர் தனியே யாரோடோ கதைக்கும்போது என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது. எந்தக் கிளினிக்கில் கேட்பதென்றும் தெரியாது. கலியாணம் எந்த உளநோய்க்கும் சிகிச்சை அல்ல. நன்றாகச் சுகமடைந்து, மருந்தை ஒழுங்காக எடுத்து, தன் நோயைத் தானே விளங்கிக்கொண்ட ஒருவர், அதை அறிந்து சம்மதித்த ஒருவரைத் திருமணம் செய்து நன்றாக வாழலாம். அப்படி வாழ்பவர்களைக் கிளினிக்கில் அடிக்கடி காண்கிறேன். கணவனும் மனைவியும் ஒன்றாக வந்து மருந்து எடுத்துக்கொண்டு, பின்னேரம் சந்தைக்குப் போகவேண்டும் என்று அவசரப்படுவார்கள்.

சகோதரங்களின் கதையும் உண்டு. பெண் பார்க்க வரும் நாளில் நோயுள்ள அண்ணனைப் பின்னறைக்குள் இருக்கச் சொல்கிறோம், அல்லது பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். "பரம்பரை வருத்தம்" என்ற பயம் அது. பரம்பரைக்கு ஒரு பங்கு இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பங்கின் அளவு பலருக்குத் தெரியாது. பெற்றாரில் ஒருவருக்குச் சிசோபிரினியா இருந்தால் பிள்ளைக்கு வரும் சாத்தியம் நூறுக்குப் பத்தளவு. நூறு பிள்ளைகளில் தொண்ணூறு பேருக்கு வராது. நீரிழிவும் பரம்பரையில் வருகிறதுதான். அதற்காக ஒருவரையும் பின்னறையில் இருத்துவதில்லை. பந்தியில் பாயாசம் வேண்டாம் என்று சொல்வதோடு சரி.

எங்கள் மண்ணில் உளநலம் பற்றிய பேச்சை வாசலுக்குக் கொண்டுவந்தது போர்தான். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து பணியாற்றி, போர் மனங்களில் ஏற்படுத்திய வடுக்களை ஆராய்ந்து எழுதினார்கள். அதன்பின் 'நெருக்கீடு', 'உளவளத்துணை' போன்ற சொற்கள் எங்கள் ஆசிரியர்களுக்கும் கிராம உத்தியோகத்தர்களுக்கும் பழக்கமாயின. ஷெல்லடியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் நித்திரையில்லாமல் அழுதால் அதை எல்லோரும் விளங்கிக்கொள்கிறோம். அதில் வெட்கமில்லை. அங்கே துன்பத்துக்கு வெளியில் காட்டக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் ஒரு காரணமும் காட்டமுடியாமல், நல்ல வீட்டில், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால் எங்கள் இரக்கம் நின்றுவிடுகிறது. காரணம் தேடத் தொடங்குகிறோம். தாய் வளர்த்த வளர்ப்பு என்கிறோம், காதல் தோல்வி என்கிறோம், கிரகம் என்கிறோம், சாபம் என்கிறோம். காய்ச்சலுக்கு நியாயம் கேட்காத நாங்கள் உளநோயிடம் மட்டும் நியாயம் கேட்கிறோம்.

சட்டங்களும் பெயர்களும் எங்களுக்கு முன்னால் போய்விட்டன. 1873 இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டத்தின் பெயரில் 'பைத்தியம்' என்ற பொருள்தரும் சொல் இருந்தது. 1956 இல் அதை 'உளநோய்' என்று மாற்றினார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதிய தண்டனைச் சட்டப் பிரிவு 1998 இல் நீக்கப்பட்டது. அங்கொடை வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம். ஆனால் "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்" என்ற பகிடி இன்னும் வீடுகளில் இருக்கிறது. தெல்லிப்பழை என்ற ஊர்ப்பெயரையும் அப்படிப் பகிடியாக்கியிருக்கிறோம். இந்தப் பகிடிகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஒருநாள் தனக்கே குரல் கேட்கத் தொடங்கும்போது, அதை யாரிடம் சொல்ல மனம் வரும்?

இனி எங்களுடைய சங்கத்தின் விடயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் குறிப்புப் பொருந்தினால் அடுத்த வேலை விசாரிப்பது. பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தில் விசாரிப்பது அதில் முக்கியமானது. "அவ உங்கட பச் தானே, பிள்ளை எப்படி?" இந்த மண்டபத்தில் இருக்கும் அக்காமாரில் எத்தனை பேருக்கு இப்படி அழைப்பு வந்திருக்கிறது என்று நான் கைதூக்கச் சொல்லப்போவதில்லை. முன்பு சைக்கிளில் வந்து கேட்டார்கள். இப்போது கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். நூறு வருடமாகப் பழைய மாணவியர் செய்த சேவைகளின் பட்டியலை இந்த மலரில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்தச் சேவை அதில் இல்லை. ஆனால் இடப்பெயர்வுக் காலத்தில்கூட ஓயாமல் நடந்தது இதுதான்.

அந்த அழைப்புக்கு என்ன பதில் சொல்கிறோம்? சிலர் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுவார்கள். சிலர் ஒன்றுமில்லை என்று பொய் சொல்வார்கள். பெரும்பாலானோர் மூன்றாவது வழியை எடுப்பார்கள். குரலை ஓர் இழுவை இழுத்து, "ம்... பிள்ளை நல்ல பிள்ளைதான்... எதுக்கும் வேறை ஆக்களிட்டையும் ஒருக்கால் கேளுங்கோ." இதில் ஒரு பொய்யும் இல்லை. ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் குழப்ப இந்த இழுவை போதும். தாய்மார் குளிசையை விற்றமின் போத்தலுக்குள் ஒளிப்பது இந்த இழுவைக்குப் பயந்துதான். ஒளிப்பவர்களும் நாங்கள்தான். ஒளிக்க வைப்பவர்களும் நாங்கள்தான்.

எனவே சங்கத்துக்கு ஒரு யோசனையை முன்வைக்கிறேன். விசாரித்து அழைப்பு வந்தால் நாங்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வோம். "பிள்ளையின்ர குணம், படிப்பு, பழக்கவழக்கம் எனக்குத் தெரிஞ்சளவு சொல்லுறன். சுகநலம் பற்றி நான் ஒரு பிள்ளையைப் பற்றியும் சொல்லுறேல்லை. அதைப் பிள்ளையிட்டையே நேரை கேளுங்கோ, அவ சொல்லுவா." இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நோயும் இல்லாத பிள்ளைக்கும் இதே பதிலைச் சொல்லவேண்டும். நோயுள்ள பிள்ளைக்கு மட்டும் சொன்னால் அந்தப் பதிலே காட்டிக்கொடுத்துவிடும். எல்லோருக்கும் சொன்னால்தான் அது ஒருத்திக்குக் காவலாகும். ஒருவர் தனியாகச் செய்தால் பயனில்லை. ஒரு சங்கமாகச் செய்யக்கூடிய வேலை இது.

அப்படியானால் மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லவேண்டாமா? கட்டாயம் சொல்லவேண்டும். சொல்லவேண்டியவள் பிள்ளை. அவளுக்குத் துணையாகப் பெற்றார். தரகருக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் நாளே சொல்லவும் தேவையில்லை. இருவரும் ஒருவரையொருவர் கண்டு பேசி, இது நடக்கக்கூடும் என்று தோன்றும்போது, எழுத்துக்கு முன்னர், மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லவேண்டும். எனக்கு இந்த வருத்தம் வந்தது, இந்த ஆண்டில் வந்தது, இந்த மருந்து எடுக்கிறேன், இவ்வளவு காலமாகச் சுகமாக இருக்கிறேன், திரும்ப வருவதென்றால் முதலில் நித்திரை குழம்பும். இவ்வளவும் போதும். விரும்பினால் மாப்பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிவரலாம். பிள்ளையின் சம்மதத்தோடு வைத்தியர் விளக்கிச் சொல்வார்.

இதனால் ஒரு சம்பந்தமும் குழம்பாது என்று நான் சொன்னால் அது பொய். சில குழம்பும். அந்த இரவு வீட்டில் அழுகை இருக்கும். ஆனால் அது எழுத்துக்கு முன் வரும் அழுகை. பிள்ளை பிறந்து நாலாம் நாள் வரும் அழுகையை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

இனி மாப்பிள்ளையின் தாய்மாருக்கு. இந்த மண்டபத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் எவ்வளவு பேரோ அவ்வளவு பேர் ஆணைப் பெற்றவர்களும் இருக்கிறீர்கள். ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் வந்திருந்து தன் வருத்தத்தைத் தானே சொன்னால், அவள் உங்களிடம் ஒரு பெரிய நம்பிக்கையை வைக்கிறாள் என்பதை எண்ணிப் பாருங்கள். "விசரோ?" என்று கேட்பதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேளுங்கள். மருந்து ஒழுங்காக எடுக்கிறியா? வருத்தம் வாறதென்றால் எங்களுக்கு எப்படித் தெரியும்? அப்ப நாங்கள் என்ன செய்யவேணும்? ஆஸ்மா உள்ள மருமகளிடம் இதைத்தானே கேட்போம். தன் நோயை அறிந்து மருந்தை ஒழுங்காக எடுக்கும் ஒருத்தி, நோயே இல்லை என்று சாதிக்கும் ஒருவரை விடப் பாதுகாப்பான துணை.

கலியாணத்தைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். கலியாணம் செய்தால்தான் வாழ்வு என்பது என் கருத்தல்ல. நோயினால் திருமணம் செய்யாமல் இருந்து, ஒரு வேலை செய்து, தாயைப் பார்த்து, வீட்டைச் சுற்றித் தோட்டம் வைத்து, மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு போகும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களைத் தோற்றுப்போனவர்கள் என்று நான் நினைப்பதில்லை. சிகிச்சை செய்வது பிள்ளை பிள்ளையாகத் தன் வாழ்வை வாழ்வதற்காக. அவளுக்கு ஒரு மாப்பிள்ளை கிடைப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே.

சங்கம் செய்யக்கூடிய இன்னும் இரண்டு சிறிய வேலைகள் உண்டு. எங்களில் ஒருத்திக்கு டெங்கு என்றால் தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வரிசையாகப் போய்ப் பார்க்கிறோம். உளநல வார்ட்டில் இருந்தால் ஒருவரும் போவதில்லை. அவள் வெட்கப்படுவாள் என்று நாங்களே முடிவெடுக்கிறோம். முதலில் அவளிடம் கேளுங்கள். "வரட்டோ?" என்று ஒரு சொல். வரவேண்டாம் என்றால் விடுங்கள். ஓமென்றால் அதே தோடம்பழத்தோடு போங்கள். வருத்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் ஊர்க்கதை கதைத்துவிட்டு வாருங்கள். வீடு திரும்பிய பின்னரும் போங்கள். பெரும்பாலோர் தனித்துப்போவது அப்போதுதான்.

மற்றது, நோயினால் ஏலெவலைத் தவறவிட்டு அடுத்த வருடம் எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இருக்கிறார்கள். தன்னுடன் படித்தவர்கள் எல்லோரும் போய்விட, அவர்கள் வீட்டில் தனியே இருந்து படிக்கிறார்கள். ரியூசன் வகுப்புக்குப் போகவும் கூச்சப்படுகிறார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இங்கே எத்தனையோ ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கிறீர்கள். கிழமையில் ஒருநாள், ஒரு மணித்தியாலம் போதும். புலமைப்பரிசில் நிதி ஒன்று இருப்பதுபோல் இதற்கும் ஒரு பட்டியலைச் சங்கம் வைத்திருக்கலாம்.

கடைசியாக, பின்னால் அமர்ந்திருக்கும் உயர்தர வகுப்புத் தங்கைமாருக்கு. நித்திரை தொடர்ந்து குழம்பினால், சாப்பாடும் படிப்பும் இரண்டு கிழமைக்கு மேல் வெறுத்தால், யாரும் பேசாத குரல் கேட்டால், இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அது உங்கள் குணக்கேடு அல்ல, கடவுளின் தண்டனையும் அல்ல. யாராவது ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லமுடியாவிட்டால் ரீச்சரிடம் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணையாளர் இருக்கிறார். அரச வைத்தியசாலைகளின் உளநலக் கிளினிக்குகளில் சிகிச்சையும் மருந்தும் இலவசம். யாரிடமும் முகம் காட்ட விருப்பமில்லையென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தோழி ஒருத்தி இப்படி உங்களிடம் சொன்னால் அதை வகுப்பில் பரப்பாதீர்கள். தனியாகச் சுமக்கவும் வேண்டாம். அவளையும் கூட்டிக்கொண்டு ஒரு பெரியவரிடம் போங்கள். இந்த இடத்தில் இரகசியம் காப்பதை விடக் கூடப் போவதுதான் நட்பு.

இந்தக் கல்லூரி தொடங்கிய காலத்தில் பெண்பிள்ளையைப் படிக்கவைத்தால் கலியாணம் குழம்பும் என்று சொன்ன வீடுகளும் இருந்தன. அந்தப் பேச்சையும் மீறிச் சில தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கைபிடித்து இந்தப் படிகளில் ஏற்றிவிட்டார்கள். நாங்கள் அவர்களுடைய பேத்திகளும் பூட்டிகளும். உளநலக் கிளினிக்கின் வாசலிலும் இன்று அப்படித்தான் சில தாய்மார் நிற்கிறார்கள், யாராவது தெரிந்தவர் கண்டுவிடுவாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. அங்கே அவர்கள் காணும் தெரிந்த முகம் எங்களில் ஒருத்தியுடையதாக இருந்தால், அந்தத் தாய்க்குப் பயம் வராமல் தைரியம் வரவேண்டும். அந்த அளவுக்கு நாங்கள் நடந்துகொள்வோம்.